போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரிலிருந்து வெளி ரிலே வழியாக மெயில் அனுப்புவது எப்படி

வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் ஒரு வேர்ட்பிரஸ் தளம் ஓடுகிறது. அல்லது கணக்கு மென்பொருள், இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட். அவை அனுப்பும் மெயில் போய்ச் சேருவதில்லை. சேர்ந்தாலும் ஸ்பாம் பெட்டிக்குள் விழுகிறது. புதிதாக சர்வர் அமைக்கும் பலரும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சர்வரில் பிழை இருக்காது. காரணம் வெளியே இருக்கிறது.

ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயில் கொடுப்பது 25ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) வழியாக. கூகுள் கிளவுட் இந்தப் போர்ட்டை வெளியே போகும் பாதையில் அடைத்து வைத்திருக்கிறது. ஏடபிள்யூஎஸ் இசி2-விலும் தனியாக விண்ணப்பித்தால்தான் திறப்பார்கள். போர்ட் திறந்திருந்தாலும் அடுத்த தடை ஐபி முகவரியின் பெயர். உங்களுக்கு முன் அதே முகவரியை வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் உங்கள் தலையில் விழும். வீட்டு பிராட்பேண்ட் இணைப்பாக இருந்தால் ஸ்பாமைத் தடுக்கும் ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக மெயில் அனுப்பக்கூடாத முகவரிகளின் பட்டியல்) அந்த முகவரி வரிசை முழுவதுமே இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு நடைமுறைத் தீர்வு, மெயிலை நேரடியாகக் கொடுக்காமல் அதையே தொழிலாகச் செய்யும் ஒரு சேவையிடம், அதாவது ரிலேயிடம், ஒப்படைப்பது: அமேசான் எஸ்இஎஸ், சென்ட்கிரிட், மெயில்கன், போஸ்ட்மார்க், கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்றவை. உங்கள் சர்வரில் மெயிலைக் கையாளும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 587ஆம் போர்ட்டில் நுழைந்து மெயிலைக் கொடுக்கும். உலகம் முழுக்க விநியோகிப்பது அவர்கள் வேலை. அதற்காகப் பொறுப்பு முழுவதும் கைமாறிவிடவில்லை. மெயில் வரிசை உங்களுடையது. அனுப்புநர் முகவரியும் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளும் (டொமைனைப் பற்றி இணையத்துக்குச் சொல்லும் குறிப்புகள்) உங்களுடையவை. ரிலே அமைத்தும் மெயில் போகவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த மூன்றில் ஒன்றில்தான் முடியும்.

இங்கே டெபியன் அல்லது உபுண்டு சர்வர், போஸ்ட்ஃபிக்ஸ், அமேசான் எஸ்இஎஸ்-இன் மும்பை பிராந்தியம் ஆகியவற்றை வைத்துச் சொல்கிறோம். வேறு சேவையானால் சர்வர் பெயரும் கடவுச்சொல்லும்தான் மாறும். கட்டளைகளும் அமைப்பு வரிகளும் ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், அடிக்கோடு, புள்ளி, சதுர அடைப்பு எதையும் விடாமல் இடவேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் ஊகிக்கவேண்டாம். போஸ்ட்கான்ஃப் -டி (டிஃபால்ட் என்பதன் டி) என்ற கட்டளை போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரிந்த எல்லா அமைப்புப் பெயர்களையும் திரையில் கொட்டும்; அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

முதலில் சேவையின் பக்கம்

சர்வரைத் தொடுவதற்கு முன் இதை முடியுங்கள். டிஎன்எஸ் பதிவுகள் பரவச் சிறிது நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

எஸ்இஎஸ் கன்சோலில் பிராந்தியம் மும்பை, அதாவது ஏபி-சவுத்-1 என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு, உங்கள் டொமைனை அடையாளமாகச் சேர்க்கவேண்டும். தனி மெயில் முகவரியை மட்டும் சரிபார்த்தும் அனுப்பலாம். ஆனால் டொமைனையே சரிபார்த்தால் அதன் கீழுள்ள எந்த முகவரியிலிருந்தும் அனுப்பலாம், டிகேஐஎம் கையொப்பமும் (மெயில் உங்கள் டொமைனுடையது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) உங்கள் பெயரிலேயே விழும். மூன்று சிநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவுகள்) தருவார்கள். அவற்றை டொமைனின் டிஎன்எஸ்-இல் சேர்க்கவேண்டும். சில டிஎன்எஸ் பலகைகள் பெயரின் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டிவிடும். நீங்களும் முழுப்பெயரை ஒட்டினால் எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் என்று இரட்டிப்பாகிப் பதிவு வேலை செய்யாது. சரிபார்ப்பு முடியாமலே நிற்கிறதென்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

அடுத்து எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) நுழைவுச் சான்றுகளை உருவாக்குங்கள். இதில் பலர் தவறுகிறார்கள்: ஏடபிள்யூஎஸ்-இன் வழக்கமான ரகசியச் சாவி இங்கே கடவுச்சொல் ஆகாது. எஸ்இஎஸ்-இன் எஸ்எம்டிபி பக்கத்தில் தனியாக உருவாக்கும் சான்றுதான் வேண்டும். அது அந்தந்தப் பிராந்தியத்துக்கு மட்டும் செல்லும். வர்ஜீனியாவில் உருவாக்கியதை மும்பையில் கொடுத்தால் 535 பிழை வரும். கடவுச்சொல் ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும், உடனே பத்திரப்படுத்துங்கள்.

புதிய கணக்கு சாண்ட்பாக்ஸ் நிலையில் இருக்கும். 24 மணி நேரத்துக்கு 200 மெயில், நொடிக்கு ஒன்று, அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். சோதனைக்கு இது போதும். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பவேண்டுமானால் வெளியே வர விண்ணப்பிக்கவேண்டும். எந்த வகை மெயில், யாருக்கு, முகவரிகள் எப்படி வந்தன, திரும்பிவரும் மெயிலை என்ன செய்வீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். ஒற்றை வரியில் எழுதினால் மறுத்துவிடுவதற்கே வாய்ப்பு.

சென்ட்கிரிட் என்றால் பயனர்பெயர் உங்கள் மெயில் முகவரி அல்ல. ஏபிஐகீ என்ற சொல்லே பயனர்பெயர், உருவாக்கிய சாவி கடவுச்சொல். ஜிமெயில் என்றால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்கவேண்டும். வழக்கமான கடவுச்சொல்லை ஏற்கமாட்டார்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 500 என்ற வரம்பும் உண்டு. கணக்கில் மாற்று முகவரியாகச் சேர்க்காத எதை அனுப்புநராகப் போட்டாலும் ஜிமெயில் அதை உங்கள் ஜிமெயில் முகவரியாக மாற்றிவிடும். ஒரு சர்வரின் எச்சரிக்கை மெயில்களுக்கு இது போதும். வணிகத் தளத்துக்கு எடுக்கவேண்டாம்.

பாதை திறந்திருக்கிறதா

நிறுவும் முன்பே சோதியுங்கள்:

என்சி -விஇசட் இமெயில்-எஸ்எம்டிபி.ஏபி-சவுத்-1.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம் 587

வெற்றி என்று வந்தால் சரி. பதிலே இல்லாமல் நின்றால் உங்கள் விபிஎஸ் நிறுவனம் 587-ஐயும் அடைத்திருக்கிறது. எஸ்இஎஸ்-இல் 2587, 465, 2465 போர்ட்டுகளும் உண்டு. வேறு பல சேவைகள் 2525 தருகின்றன. எது திறக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். 587, 2587, 2525 மூன்றும் சாதாரண இணைப்பாகத் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையால் மறையாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) மாறுபவை. 465, 2465 இரண்டும் முதல் நொடியிலிருந்தே மறையாக்கம் கொண்டவை. இந்த வேறுபாட்டுக்கு அமைப்பில் தனி வரி உண்டு, கீழே வரும்.

நிறுவுதல்

ஏபிடி இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ் லிப்சாஸல்2-மாட்யூல்ஸ் சிஏ-செர்டிஃபிகேட்ஸ் மெயில்யூட்டில்ஸ்

இதில் லிப்சாஸல்2-மாட்யூல்ஸை விட்டுவிடாதீர்கள். கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறைகள் அந்தப் பொதியில்தான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் அமைப்பு முழுவதும் சரியாக இருந்தும் "நோ வொர்த்தி மெக்ஸ் ஃபவுண்ட்" என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். ரெட்ஹாட் வகை சர்வர்களில் இதே வேலையைச் செய்வது சைரஸ்-சாஸல்-ப்ளெய்ன்.

டெபியனில் ஏற்கெனவே எக்ஸிம்4 இருந்தால் அது நீக்கப்படும். அதைக் கேட்டு வரும் கேள்விக்கு ஒப்புக்கொள்ளலாம். பிறகு எந்த வகை அமைப்பு என்று கேட்கும்போது சாட்டிலைட் சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெயில் பெயர் என்ற இடத்தில் சர்வரின் முழுப்பெயர், நம் எடுத்துக்காட்டில் வெப்1.எக்ஸாம்பிள்.காம். இங்கே எக்ஸாம்பிள்.காம் என்று வெறும் டொமைனைப் போடுவது பின்னால் ஒரு சிக்கலுக்கு வழிவைக்கும். அதை உரிய இடத்தில் சொல்கிறோம்.

அமைப்பு வரிகள்

கோப்பு /ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/மெயின்.சிஎஃப். திருத்துமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கோப்பில் ரிலேஹோஸ்ட், டிஎல்எஸ் (மறையாக்கம்) வரிகள் சில ஏற்கெனவே இருக்கும், அவற்றைத் திருத்துங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்ததே செல்லும். மேலே ஒன்றை மாற்றிவிட்டு ஏன் நடக்கவில்லை என்று தேடுவது இதனால்தான்.

ரிலேஹோஸ்ட் = [இமெயில்-எஸ்எம்டிபி.ஏபி-சவுத்-1.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம்]:587
எஸ்எம்டிபி_சாஸல்_ஆத்_எனேபிள் = யெஸ்
எஸ்எம்டிபி_சாஸல்_பாஸ்வேர்ட்_மேப்ஸ் = ஹாஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே_பாஸ்
எஸ்எம்டிபி_சாஸல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் = நோஅனானிமஸ்
எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = செக்யூர்
எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_சிஏஃபைல் = /ஈடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ்/சிஏ-செர்டிஃபிகேட்ஸ்.சிஆர்டி
ஐநெட்_இன்டர்ஃபேஸஸ் = லூப்பேக்-ஒன்லி
மைடெஸ்டினேஷன் = $மைஹோஸ்ட்நேம், லோக்கல்ஹோஸ்ட்

ஒவ்வொரு வரியும் ஏன் என்று தெரிந்துகொண்டால் பிழை வரும்போது எங்கே பார்ப்பது என்பதும் தெரியும்.

சர்வர் பெயரைச் சுற்றியுள்ள சதுர அடைப்பு, இந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு (டொமைனின் மெயிலை வாங்கும் சர்வரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தேடாதே, நேராக இதற்கே போ என்று பொருள்படும். அடைப்பு இல்லாமலும் சில நேரம் ஓடிவிடும். ஆனால் கடவுச்சொல் கோப்பில் இதே பெயரை எழுதும்போது இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும்.

எஸ்எம்டிபி என்று தொடங்கும் வரிகள் வெளியே போகும் இணைப்புக்கானவை. எஸ்எம்டிபிடி என்று கடைசியில் ஒரு டி சேர்ந்தால் உள்ளே வரும் இணைப்புக்கானவை. இந்த ஓரெழுத்துதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. எஸ்எம்டிபிடி_சாஸல்_ஆத்_எனேபிள் என்று எழுதிவிட்டால் உங்கள் சர்வர் பிறரிடம் கடவுச்சொல் கேட்கும். தான் போகுமிடத்தில் எதையும் கொடுக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் இதைப் பிழை என்றும் சொல்லாது, இரண்டுமே அதற்குத் தெரிந்த பெயர்கள்தாம்.

செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் வரியை எழுதாமல் விட்டால் இயல்பு மதிப்பு நோப்ளெய்ன்டெக்ஸ்ட், நோஅனானிமஸ். ரிலே சேவைகள் ப்ளெய்ன், லாகின் ஆகிய இரண்டையே பெரும்பாலும் ஏற்பதால், நோப்ளெய்ன்டெக்ஸ்ட் இருக்கும்வரை ஒத்துவரும் முறை எதுவும் கிடைக்காது. அதனால்தான் நோஅனானிமஸை மட்டும் விட்டுவைக்கிறோம். கடவுச்சொல் அம்மணமாகப் போய்விடாதா என்று பயப்படவேண்டாம். அடுத்த வரியில் உள்ள மறையாக்கம் அதை மூடிக்கொள்ளும்.

பல வழிகாட்டிகள் அந்த அடுத்த வரியில் என்கிரிப்ட் என்று போடச் சொல்கின்றன. என்கிரிப்ட், மறையாக்கம் இல்லாமல் அனுப்பாது என்பது உண்மை. ஆனால் எதிரே இருப்பது யார் என்று சான்றிதழைச் சரிபார்க்காது. கடவுச்சொல் போகும் பாதையில் அது போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. செக்யூர் என்று வைத்தால் சான்றிதழில் உள்ள பெயர் நீங்கள் எழுதிய சர்வர் பெயரோடு ஒத்துப்போனால்தான் உள்ளே நுழையும். அதற்கு சிஏஃபைல் வரி அவசியம். அந்தப் பெயரில் சி, ஏ இரண்டும் பெரிய எழுத்து. சிற்றெழுத்தில் எழுதினால் வேறு பெயராகிவிடும்.

465 அல்லது 2465 போர்ட் எடுத்தவர்கள் மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்க்கவேண்டும்:

எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_ராப்பர்மோட் = யெஸ்

இது இல்லாமல் 465-இல் இணைந்தால், உங்கள் சர்வர் வரவேற்பு வரிக்குக் காத்திருக்கும், அந்தச் சர்வர் மறையாக்கம் தொடங்குவதற்குக் காத்திருக்கும். இரண்டும் காத்திருந்தே நேரம் முடியும்.

லூப்பேக்-ஒன்லி என்பது இந்த சர்வருக்குள் இருக்கும் நிரல்களிடமிருந்து மட்டும் மெயில் வாங்கச் சொல்வது. வெளியிலிருந்து யாரும் 25ஆம் போர்ட்டைத் தட்டமுடியாது.

மைடெஸ்டினேஷன் வரியில்தான் முன்பு சொன்ன சிக்கல் இருக்கிறது. அதில் உள்ள பெயர்களுக்கு வரும் மெயில் எல்லாம் இந்த சர்வரிலேயே தங்கும். எக்ஸாம்பிள்.காம் அங்கே நுழைந்துவிட்டால், தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து இன்ஃபோ@எக்ஸாம்பிள்.காம் முகவரிக்குப் போகும் மெயில் ரிலேயை எட்டிப்பார்க்காது. உள்ளூரில் இன்ஃபோ என்ற பயனரைத் தேடி, யூசர் அன்னோன் என்று திரும்பும். மற்ற எல்லா முகவரிக்கும் போகிறது, சொந்த நிறுவன முகவரிக்கு மட்டும் போகவில்லை என்றால் வேறெங்கும் தேடவேண்டாம், இந்த வரியைப் பாருங்கள். சர்வரின் பெயரையே வெறும் டொமைனாக வைத்திருந்தாலும் $மைஹோஸ்ட்நேம் வழியாக இதே கதிதான்.

கடவுச்சொல் கோப்பு

நானோ போன்ற எடிட்டரில் /ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே_பாஸ் என்ற கோப்பைத் திறந்து ஒரே வரி:

[இமெயில்-எஸ்எம்டிபி.ஏபி-சவுத்-1.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம்]:587 பயனர்பெயர்:கடவுச்சொல்

எக்கோ கட்டளையால் எழுதவேண்டாம். கட்டளை வரலாற்றில் கடவுச்சொல் தங்கிவிடும். டாலர் குறியோ ஆச்சரியக் குறியோ இருந்தால் ஷெல் அதைத் தின்றுவிடும். பிறகு:

சிமாட் 600 /ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே_பாஸ்
போஸ்ட்மேப் ஹாஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே_பாஸ்

இரண்டாவது கட்டளை .டிபி என்று முடியும் கோப்பை உருவாக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது அதைத்தான். உரைக் கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப் ஓட்டவேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பழைய பிழையே வருகிறதென்றால் இதை மறந்திருப்பீர்கள். கோப்பு ரூட் (நிர்வாகப் பயனர்) பெயரிலேயே இருக்கட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தன் சிறப்புரிமையைக் கைவிடுமுன்பே அதைத் திறந்துவிடும், உரிமையாளரை மாற்றத் தேவையில்லை.

சில புதிய விநியோகங்களில் ஹாஷ் வகை இல்லை. போஸ்ட்கான்ஃப் -எம் காட்டும் பட்டியலில் ஹாஷ் காணாவிட்டால் ஹாஷ் வரும் இடங்களில் எல்லாம் எல்எம்டிபி (கடைசி இரண்டு எழுத்தும் டேட்டாபேஸின் டி, பி) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் தேடும்போது இந்தப் பெயர் கிடைக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம்:

போஸ்ட்மேப் -க்யூ '[இமெயில்-எஸ்எம்டிபி.ஏபி-சவுத்-1.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம்]:587' ஹாஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே_பாஸ்

பயனர்பெயரும் கடவுச்சொல்லும் திரையில் வந்தால் சரி. ஒன்றும் வராவிட்டால் அடைப்பிலோ போர்ட் எண்ணிலோ வேறுபாடு இருக்கிறது. அந்த நிலையில் போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல் கொடுக்க முயலாமலே மெயிலை நீட்டும், எதிர்ச் சர்வர் 530 என்று மறுக்கும். மெயில் அனுப்பிப் பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது பெரிய நேர மிச்சம்.

அனுப்புநர் முகவரி

நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகளும் கணினி எச்சரிக்கைகளும் ரூட்@வெப்1.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரில் புறப்படும். எஸ்இஎஸ் டொமைன் சரிபார்ப்பில் துணை டொமைன்களும் அடங்கும் என்பதால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ரூட்@லோக்கல்ஹோஸ்ட் என்றோ, கிளவுட் நிறுவனம் வைத்த உள் பெயரிலோ புறப்பட்டால் 554, முகவரி சரிபார்க்கப்படவில்லை என்று திரும்பும். ஏற்றுக்கொண்டாலும், ஒரு மெயில் திரும்பிவரும்போது அதை வாங்க அந்தப் பெயரில் பெட்டி கிடையாது. எனவே வெளியே போகும்போது முகவரியை மாற்றிவிடுவது நல்லது. மெயின்.சிஎஃப்-இல்:

எஸ்எம்டிபி_ஜெனரிக்_மேப்ஸ் = ஹாஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ஜெனரிக்

ஜெனரிக் கோப்பில்:

@வெப்1.எக்ஸாம்பிள்.காம் அலர்ட்@எக்ஸாம்பிள்.காம்

இதற்கும் போஸ்ட்மேப் உண்டு. உறையில் (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரி) உள்ள அனுப்புநர், மெயிலுக்குள் தெரியும் ஃப்ரம் வரி இரண்டையும் இது மாற்றும். அலர்ட் என்பது உண்மையில் மெயில் வந்து சேரும் பெட்டியாக இருக்கட்டும்.

ரூட் பயனருக்கு வரும் மெயிலை நீங்கள் படிக்கவேண்டாமா? /ஈடிசி/அலயசஸ் கோப்பில் ரூட்: என்று தொடங்கி உங்கள் முகவரியை எழுதி, நியூஅலயசஸ் கட்டளையை ஓட்டுங்கள். வட்டு நிரம்புகிறது, பேக்கப் தோற்றது என்று சர்வர் கத்தும் மெயில்கள் எல்லாம், இதைச் செய்யாவிட்டால், உள்ளூர்ப் பெட்டியிலேயே தேங்கிவிடும்.

சோதனை

போஸ்ட்ஃபிக்ஸ் செக்
போஸ்ட்கான்ஃப் -என்
சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் போஸ்ட்ஃபிக்ஸ்

போஸ்ட்கான்ஃப் -என் நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் காட்டும். தப்பாக எழுதிய பெயர் இருந்தால் அன்யூஸ்டு பாராமீட்டர் என்று எச்சரிக்கும். ஒரு சாதாரண வரியை மாற்றினால் ரீலோட் போதும். ஐநெட்_இன்டர்ஃபேஸஸ் மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை.

ஒரு ஜன்னலில் லாகைத் திறந்து வையுங்கள் (இங்கே -டி என்பது டேக் என்பதன் முதலெழுத்து):

ஜர்னல்சிடிஎல் -எஃப் -டி போஸ்ட்ஃபிக்ஸ்/எஸ்எம்டிபி -டி போஸ்ட்ஃபிக்ஸ்/லோக்கல்

டெபியன் 12 முதல், லாகைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆகவே /வார்/லாக்/மெயில்.லாக் இல்லையே என்று திகைக்கவேண்டாம். இன்னொரு ஜன்னலில்:

எக்கோ "சோதனை" | மெயில் -எஸ் "ரிலே சோதனை" உங்கள்முகவரி

சாண்ட்பாக்ஸில் இருந்தால் பெறும் முகவரியும் சரிபார்க்கப்பட்டதாக இருக்கவேண்டும்.

லாகில் வரும் வரியில் மூன்றைப் பாருங்கள். ரிலே= என்பதற்குப் பிறகு உங்கள் சேவையின் பெயரும் போர்ட்டும் வரவேண்டும்; லோக்கல் என்றோ பெறுநரின் சொந்த சர்வர் பெயரோ வந்தால் ரிலேஹோஸ்ட் செல்லுபடியாகவில்லை. ஸ்டேட்டஸ்= சென்ட் என்றால் சேவை வாங்கிக்கொண்டது. டிஃபர்டு என்றால் வரிசையில் காத்திருக்கிறது. பவுன்ஸ்டு என்றால் நிரந்தரமாக மறுக்கப்பட்டது. கடைசியில் அடைப்புக்குள் எதிர்ச் சர்வர் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருக்கும். காரணம் எப்போதும் அங்கேதான். அதைப் படிக்காமல் அமைப்பு வரிகளை மாற்றிக்கொண்டே போவது வீண் வேலை.

சென்ட், 250 என்று வந்துவிட்டால் பெறுநருக்குச் சேர்ந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். சேவையின் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. அதன் பிறகு நடப்பது உங்கள் லாகில் வராது. சேவையின் பலகையிலும், திரும்பிவரும் மெயிலிலும்தான் தெரியும்.

பிழை வந்தால்

535: பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு. எஸ்இஎஸ் என்றால் பிராந்தியத்தையும், வழக்கமான ரகசியச் சாவியைக் கொடுத்துவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். நகலெடுக்கும்போது கடைசியில் ஒட்டிய இடைவெளியும் ஒரு காரணம்.

530: கடவுச்சொல் கொடுக்கப்படவே இல்லை, அல்லது டிஎல்எஸ் தொடங்கவில்லை. முதலாவதற்கு மேலே சொன்ன போஸ்ட்மேப் -க்யூ சோதனை. இரண்டாவதற்கு செக்யூரிட்டி_லெவல் வரி.

கனெக்ஷன் டைம்ட் அவுட்: போர்ட் அடைப்பு அல்லது ஃபயர்வால். போஸ்ட்ஃபிக்ஸில் மாற்ற ஒன்றுமில்லை.

நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள் என்பதோடு முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட முகவரி வந்தால் ஐபிவி6 வழியாகப் போக முயன்று தோற்றிருக்கிறது. சர்வருக்கு ஐபிவி6 இணைப்பு இல்லையென்றால் ஐநெட்_புரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சர்வர் செர்டிஃபிகேட் நாட் டிரஸ்டட்: சிஏஃபைல் பாதை தவறு, அல்லது சிஏ-செர்டிஃபிகேட்ஸ் பொதி இல்லை. என்கிரிப்டுக்கு இறங்கிப் பிழையை மறைக்காதீர்கள், பாதையைச் சரிசெய்யுங்கள்.

ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் என்று வருகிறது, ஆனால் அதே சர்வரில் பிங் கொடுத்தால் பெயர் தெரிகிறது. இது குழப்பமான ஒன்று. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்ற கோப்புறைக்குள்ளேயே அடைபட்டு ஓடக்கூடும். அங்கே டிஎன்எஸ் அமைப்பின் ஒரு நகல் தனியாக இருக்கும். சர்வரின் ரிசால்வ்.கான்ஃப் மாறிய பிறகு அந்த நகல் பழையதாகவே நின்றால் பெயர் கிடைக்காது. ரீஸ்டார்ட் செய்தால் நகல் புதுப்பிக்கப்படும்.

சரிசெய்த பிறகு, தேங்கியவற்றை போஸ்ட்க்யூ -பி (பிரிண்ட் என்பதன் பி) காட்டும். போஸ்ட்க்யூ -எஃப் உடனே மறுபடி அனுப்ப முயலும். தானாக விட்டால் 300 நொடியில் தொடங்கி 4000 நொடி வரை இடைவெளியை நீட்டிக்கொண்டே முயலும். 5 நாள் ஆனதும் கைவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அந்த ஐந்து நாளுக்குள் நீங்கள் பிழையைக் கண்டுபிடித்தால் ஒரு மெயிலும் தொலையாது. ஆனால் அப்படி உடனே அனுப்பச் சொல்லுமுன் வரிசையைக் கண்ணால் பாருங்கள்: பழைய ஓடிபிகளும் காலாவதியான எச்சரிக்கைகளும் நூற்றுக்கணக்கில் இருந்தால் போஸ்ட்சூப்பர் -டி (டெலிட் என்பதன் டி) கட்டளையோடு அந்தந்த வரிசை எண்ணைக் கொடுத்து நீக்கிவிட்டு மற்றவற்றை அனுப்புங்கள்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்

ரிலே ஓடத் தொடங்கியதும் பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு. டிமார்க் என்பது இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் பதிவு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புவோரிடம் இரண்டோடு டிமார்க்கும் கேட்கிறது. யாஹூவும் அதே காலத்தில் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது.

டிகேஐஎம் முதல் படியிலேயே முடிந்தது. எஸ்பிஎஃப் விஷயத்தில் ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கலாம். கூகுளுக்கு ஒன்று, எஸ்இஎஸ்-க்கு ஒன்று என்று இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது. ஒன்றிலேயே இணைக்கவேண்டும், டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது.

எஸ்இஎஸ் உறையில் தன் டொமைனையே அனுப்புநராகப் போடும். எஸ்பிஎஃப் தேர்ச்சி பெற்றாலும் அது அமேசானின் பெயரில். டிமார்க் கேட்பது உங்கள் டொமைனோடு பொருத்தம். டிகேஐஎம் உங்கள் பெயரில் இருப்பதால் டிமார்க் அதைக் கொண்டே தேறிவிடும். எஸ்பிஎஃப்-உம் பொருந்தவேண்டுமானால் கஸ்டம் மெயில் ஃப்ரம் என்ற வசதியில் ஒரு துணை டொமைனை அமைத்து, அவர்கள் தரும் எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகளைச் சேர்க்கவேண்டும்.

டிமார்க் பதிவை பி=நன் (எதுவும் செய்யாதே) என்று தொடங்கி, அறிக்கைகள் வர ஒரு முகவரி கொடுங்கள். உங்கள் பெயரில் அனுப்பும் எல்லா இடங்களும் அறிக்கையில் தெரிந்து, எல்லாம் தேறுகின்றன என்று உறுதியான பின்பே குவாரன்டைனுக்கு (ஸ்பாமில் போடு) போகலாம். அவசரப்பட்டு ரிஜெக்ட் வைத்தால் மறந்துபோன சம்பளப் பட்டியல் மென்பொருளின் மெயில்தான் முதலில் அடிபடும்.

சோதனை மெயிலை ஜிமெயிலில் திறந்து, மூலத்தைக் காட்டு என்பதை அழுத்தினால் மூன்றுக்கும் பாஸ் என்று தெரியவேண்டும்.

கணக்கை முடக்கவிடாமல்

ரிலே கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால், சர்வரில் யாராவது புகுந்து ஸ்பாம் அனுப்பினாலும் அடைபடுவது உங்கள் கணக்குதான். எஸ்இஎஸ்-இல் திரும்பிவரும் மெயில் 5 சதவீதத்தை எட்டினால் கணக்கு கண்காணிப்புக்குப் போகும், 10-ஐ எட்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். ஸ்பாம் புகாருக்கு இந்த அளவுகள் 0.1, 0.5 சதவீதம்.

எந்தப் பயனர்கள் மெயில் அனுப்பலாம் என்பதை ஆதரைஸ்டு_சப்மிட்_யூசர்ஸ் என்ற வரியில் குறுக்கிவிடலாம்: ரூட், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (இணையதளம் ஓடும் பயனர்) மட்டும் போதுமென்றால் அவற்றை மட்டும் எழுதுங்கள். இது சென்ட்மெயில் கட்டளை வழியாக வருவதைத்தான் தடுக்கும். தொடர்புப் படிவத்தில் கேப்சா இல்லாவிட்டால் அந்த ஓட்டை திறந்தேதான் இருக்கும். ஒரு ஸ்கிரிப்ட் சுழலில் சிக்கி ஆயிரக்கணக்கில் கொட்டுவதைத் தடுக்க:

எஸ்எம்டிபி_டெஸ்டினேஷன்_ரேட்_டிலே = 1எஸ்

எல்லாமே ஒரே ரிலேக்குப் போவதால் நொடிக்கு ஒன்றுக்கு மேல் போகாது. மீதி வரிசையில் நிற்கும், நீங்கள் பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும். சாண்ட்பாக்ஸின் நொடிக்கு ஒன்று என்ற வரம்புக்கும் இது பொருந்தும்.

டாக்கர் கன்டெய்னர்களோ அலுவலகத்தின் மற்ற கணினிகளோ இதே சர்வர் வழியாக அனுப்பவேண்டுமானால் லூப்பேக்-ஒன்லியைத் தளர்த்தவேண்டி வரும். அப்போது மைநெட்வொர்க்ஸ் வரியில் அந்த உள் முகவரி வரிசையை மட்டும், எடுத்துக்காட்டாக 172.17.0.0/16 என்று சேருங்கள். வேலை நடந்தால் போதும் என்று 0.0.0.0/0 போட்டுவிட்டால், உலகில் யார் வேண்டுமானாலும் உங்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி அனுப்பும் திறந்த ரிலே ஆகிவிடும். வலைவீசித் திரியும் ஸ்கேனர்கள் அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது. ஃபயர்வாலிலும் வெளியிலிருந்து வரும் 25ஐ அடைத்துவிடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். சேவையில் இரண்டாவது சான்றை உருவாக்கி, ரிலே_பாஸ் கோப்பில் எழுதி, போஸ்ட்மேப் ஓட்டி, ஒரு சோதனை மெயில் சென்ட் என்று போவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே பழைய சான்றை நீக்குங்கள். பழையதை முதலிலேயே நீக்கினால் இடைப்பட்ட மெயில்கள் 535 வாங்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் அவை டிஃபர்டு ஆகி வரிசையில் காத்திருக்கும். எஸ்எம்டிபி_சாஸல்_ஆத்_சாஃப்ட்_பவுன்ஸ் என்பதை யாராவது நோ என்று மாற்றி வைத்திருந்தால் அத்தனையும் பவுன்ஸ் ஆகிவிடும்.